அணை திறக்கும் முன்பே முறையைச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் தினமும் அணைகளின் நீர்மட்டம் வருகிறது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சித்தாறு ஒன்று, சித்தாறு இரண்டு, பொய்கை, மாம்பழத்துறையாறு, முக்கடல் என்று வரிசையாக அடிக்கணக்கு இருக்கும். காலையில் பேப்பர் வந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தச் சின்னப் பெட்டியைத்தான். அகஸ்தீஸ்வரம் வட்டத்தில், நாஞ்சில்நாடு புத்தனாறு சானலின் (பாசனக் கால்வாயின்) கடைவரம்பில், அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் முனையில், எனக்குக் கொஞ்சம் சொந்த வயலும், அதை ஒட்டிப் பாட்டத்துக்கு எடுத்த வயலும் இருக்கின்றன. வீட்டுக்காரர் காலமான பிறகும் நெல்லை விடவில்லை. சுற்றிலும் வயல்கள் தென்னந்தோப்பாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்ட இடத்தில் இன்னும் சேற்றுழவாகத் தொழி அடித்து நாற்று நடுகிற சிலரில் நானும் ஒருத்தி.

தண்ணீர் குறைவான ஆண்டில் அணைகளை எப்படி நடத்த வேண்டும் என்பதைப் பற்றி எழுதுகிறேன். மழை பெய்து அணை நிரம்பிக் கிடக்கும்போது இதை யாரும் பேசுவதில்லை. வறட்சி வந்து பயிர் வாடும்போது பேசினால் அது பேச்சாக இருக்காது, சண்டையாகத்தான் இருக்கும். அதனால்தான் முன்கூட்டியே சொல்ல நினைத்தேன்.

முதலில் அந்த அடிக்கணக்கு. பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77, சித்தாறு அணைகள் இரண்டுக்கும் தலா 18. பேச்சிப்பாறையில் 24 அடி என்று பேப்பரில் பார்த்தால், பாதி அணை இருக்கிறதே என்று டீக்கடையில் தைரியமாகப் பேசிக்கொள்கிறார்கள். மலைகளுக்கு நடுவே கட்டிய அணை அடியில் குறுகி மேலே விரிந்திருக்கும். மேல் 10 அடியில் நிற்கும் தண்ணீர் அடி 10 அடியில் நிற்பதைப் போலப் பல மடங்கு. போதாததற்கு, அந்த அணை கட்டி முடிந்தது 1906-ல். திருவிதாங்கூரை ஸ்ரீமூலம் திருநாள் ஆண்ட காலத்தில் மின்சின் என்ற பொறியாளர் நின்று கட்டினார்; அவருடைய கல்லறையும் அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. அன்றிலிருந்து மலை இறக்கிக்கொண்டு வந்த வண்டல் அடியில்தான் கிடக்கிறது. ஆகவே பாதி அடி என்றால் பாதித் தண்ணீர் என்று எண்ணுவது பெரிய தவறு. உண்மையில் இருப்பது அதைவிட எவ்வளவோ குறைவு.

நம் அணைகளின் கொள்ளளவு பேச்சிப்பாறைக்குச் சுமார் 435 கோடி கன அடி, பெருஞ்சாணிக்குச் சுமார் 289 கோடி கன அடி. விநாடிக்கு 500 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் திறந்தால் 4 கோடியே 32 லட்சம் கன அடி போய்விடும். வறட்சி ஆண்டில் எடுக்கக்கூடிய தண்ணீர் 100 கோடி கன அடிதான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 23 நாள் திறப்புக்குத்தான் வரும். நெல்லுக்கு எத்தனை மாதம் தண்ணீர் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். இந்தக் கணக்கை ஒரு விவசாயி தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போட்டுப் பார்க்க முடிந்தால், நாற்று பாவலாமா வேண்டாமா என்று அவரே தீர்மானித்துவிடுவார். அடிக்கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் போட முடியாது.

இப்போது கடைவரம்புக்கு வருகிறேன். பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாய் வழியாகப் புத்தன் அணைக்கு வந்து, பெருஞ்சாணியிலிருந்து பறளியாற்றில் வருகிற தண்ணீரோடு சேர்கிறது. அங்கிருந்து ஒரு பக்கம் பத்மநாபபுரம் புத்தனாறு, இன்னொரு பக்கம் பாண்டியன் கால். பாண்டியன் கால்தான் மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீரை நாஞ்சில் நாட்டுக்குக் கொண்டுவருகிறது. தோவாளை சானல், அனந்தனாறு, நாஞ்சில்நாடு புத்தனாறு எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. பழையாறும் அதன் அணைக்கட்டுகளும்கூட அப்படியே. மேற்கே பட்டணங்கால் தண்ணீர் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் ஏறிப் போகிறது. இவ்வளவு தூரம் திறந்த மண் கால்வாயில் வரும் தண்ணீருக்கு வழியெல்லாம் செலவு இருக்கிறது. காய்ந்து கிடக்கிற சானலில் தண்ணீர் விட்டால் முதல் சில நாள் மண்ணே குடித்துவிடும். மண் நனைந்து அடங்கிய பிறகுதான் தண்ணீர் முன்னால் நகரும்.

வறட்சி ஆண்டில் நடப்பது என்ன? எல்லாரும் கேட்கிறார்கள் என்று எல்லாச் சானலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறார்கள். நாலு நாள் விட்டுவிட்டு அணையில் மட்டம் இறங்கியதும் அடைக்கிறார்கள். மறுபடி சத்தம் கேட்டதும் திறக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் காய்ந்த சானலை நனைக்கவே தண்ணீர் போகிறது. சானலின் தொடக்கத்தில் வயல் உள்ள தலைமடைக்காரர்களின் மடை மட்டம் தாழ்வு என்பதால் அரையடித் தண்ணீரே அவர்கள் வயலில் ஏறிவிடும். எங்கள் பக்கம் வரும்போது சானலின் நடுவில் ஈரக்கோடு மட்டும் தெரியும். வழியில் கரையைத் துளைத்துக் குழாய் பதித்திருக்கிறவர்கள் வேறு. எல்லாருக்கும் நியாயம் செய்வதாக எண்ணி மெல்லிசாகத் திறக்கிற தண்ணீரில் பாதி யாருக்கும் இல்லாமல் போகிறது. எனக்கு இதில் தீராத வருத்தம்.

2016-ஐ மறக்க முடியாது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரி 10-ஆம் தேதி மாநிலத்தின் 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஏமாற்றினால் துலாமழை (வடகிழக்குப் பருவமழை) காப்பாற்றும், துலாமழை தவறினால் இடவப்பாதியில் சேர்ந்த தண்ணீர் கைகொடுக்கும் என்று இரண்டு மழையை நம்பி வாழ்கிற மாவட்டம் இது. மற்ற மாவட்டத்துக்காரர்கள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். அந்த ஆண்டு இரண்டுமே சரியாக இல்லை. எங்கள் பற்றில் (வயல்வெளியில்) இரண்டாம் போகமான கும்பப்பூ பயிர், கதிர் விடுவதற்கு முன், பொதி கட்டியிருந்த நேரம் அது. அந்தப் பருவத்தில் தண்ணீர் நின்றால் கதிர் வெளியே வராது, வந்தாலும் பால் பிடிக்காமல் சாவியாகப் போகும். அடுத்த முறை எப்போது என்று சொல்ல ஆளில்லை. இன்று வரும், நாளை வரும் என்று மடையடியில் காத்துக் கிடந்தோம். வசதி உள்ளவர்கள் டீசல் எஞ்சின் வைத்துக் குளத்துச் சேற்றுத் தண்ணீரை இறைத்தார்கள். நானும் வாடகைக்கு எஞ்சின் எடுத்தேன். கடைசியில் வைக்கோல்தான் கிடைத்தது, அதுவும் மாடு தின்கிற தரத்தில் இல்லை. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். கொடுத்ததற்கு நன்றி. ஆனால் நடவுக்கும் உழவுக்கும் உரத்துக்கும் போட்ட பணத்தில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

அன்று எனக்கு வேண்டியிருந்தது நிவாரணத்தைவிட ஒரு தகவல். நாற்று பாவுவதற்கு முன்பே, "இந்தத் தடவை உங்கள் சானலுக்கு இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை, பிறகு இன்ன தேதி, அதற்கு மேல் கிடையாது" என்று சொல்லியிருந்தால் அதற்கு ஏற்ற விதையைத் தேடியிருப்பேன். திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. குறுகிய நாளில் விளைகிற ரகங்களும் அங்கிருந்து வந்திருக்கின்றன. ஐந்து மாத நெல்லுக்கும் நாலு மாதத்துக்குள் அறுக்கிற நெல்லுக்கும் உள்ள வித்தியாசம் வறட்சி ஆண்டில் பிழைப்புக்கும் நஷ்டத்துக்கும் உள்ள வித்தியாசம். முதல் போகமான கன்னிப்பூவுக்குக் கோடை மழையை வைத்துக் காய்ந்த மண்ணில் பொடி விதை விதைத்தால் தொழிக்குத் தேவைப்படும் தண்ணீர் அணையில் மிஞ்சும். நெல்லே வேண்டாம், உளுந்து போடலாம் என்றால் அதையும் செய்வோம். தண்ணீர் இல்லை என்று சொன்னால் விவசாயி கோபப்படுவான் என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. இருக்கிறது என்று நம்பி விதைத்த பிறகு இல்லாமல் போவதைத்தான் எங்களால் தாங்க முடிவதில்லை.

ஆகவே நான் கேட்பது இது. வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் அணை திறந்து பிப்ரவரி கடைசியில் மூடுகிறார்கள். அணையில் தண்ணீர் குறைவாக உள்ள ஆண்டில், திறப்பதற்கு முன்பே சானல்வாரியாக முறைப்பாசன அட்டவணையை, அதாவது முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களை, தேதியோடு வெளியிட வேண்டும். எல்லாச் சானலிலும் ஒரே நேரத்தில் மெல்லிசாக விடாமல், ஒரு சானலுக்கு முழு அளவில், இடைவிடாமல், கடைவரம்பு நனையும் வரை விட வேண்டும்; பிறகு அடைத்துவிட்டு அடுத்த சானல். அந்த முறைக்குள் கடைவரம்பு மடைகள் முதலிலும் தலைமடைகள் கடைசியிலும் திறக்க வேண்டும். தலைமடைக்காரர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்களா என்று கேட்பீர்கள். அவர்களோடு பேசியிருக்கிறேன். தண்ணீர் தங்கள் வயலைத் தாண்டித்தானே கீழே போக வேண்டும், போகும்போதே கசிந்து அவர்கள் கிணறு ஊறும், தென்னைக்கு ஈரம் கிடைக்கும். அவர்களுக்கு உள்ள பயம் ஒன்றுதான்: தங்கள் முறை வருவதற்குள் அணையை மூடிவிட்டால்? எழுதி, தேதி போட்டு, எல்லார் கையிலும் அட்டவணை இருந்தால் அந்தப் பயம் பாதி தீரும்.

இதை நடத்த ஆள் வேண்டும். முன்பெல்லாம் சானலுக்குச் சானல் லஸ்கர்கள் என்ற நீர்க்காவலர்கள் இருந்தார்கள். எந்த ஷட்டர் எத்தனை சுற்று ஏறியிருக்கிறது, எந்த வளைவில் கரை பலவீனம், யார் ராத்திரியில் மடையைத் திறப்பார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் சைக்கிளில் சானல் கரையோடு போகிற நேரத்தை வைத்தே நாங்கள் மணி சொல்லிவிடுவோம். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு நிரந்தரமாக யாரும் வரவில்லை. வறட்சி ஆண்டிலாவது பாசனத்தார் சபைகளிலிருந்து ஆட்களை எடுத்துத் தற்காலிகமாக நியமிக்கலாம். ஷட்டருக்குக் காவல் இல்லாத முறைப்பாசனம் தாளோடு நின்றுவிடும்.

அடுத்து குளங்கள். நம் மாவட்டத்தில் 2,000-க்கும் மேற்பட்ட குளங்கள் உண்டு. அணைகள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்த ஊரை வாழவைத்தவை அவை. சானல் தண்ணீர் குளத்தில் விழுந்து, குளத்து மடை வழியாக வயலுக்குப் போகும்படிதான் எங்கள் பகுதியின் அமைப்பே இருக்கிறது. இடவப்பாதியில் பேச்சிப்பாறை 42 அடியைத் தாண்டினாலே வெள்ள அபாயம் என்று உபரி நீரைத் திறந்துவிடுகிறார்கள். அது குழித்துறை ஆற்றில் இறங்கித் தேங்காப்பட்டணத்தில் கடலில் சேர்கிறது. ஆறு ஓட வேண்டும், கழிமுகம் உயிரோடு இருக்க வேண்டும், அதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே நாட்களில் கடைவரம்புக் குளங்கள் காலியாகக் கிடப்பதை எப்படி ஏற்பது? உபரி நீர் திறக்கிற அன்றைக்கே சானல்களையும் முழு அளவில் திறந்து குளங்களை நிரப்பிவிட்டால், பின்னால் வருகிற மழை தவறினாலும் ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர் பாய்ச்ச எங்கள் கையில் இருக்கும். அணையிலிருந்து அவ்வளவு தூரம் கொண்டுவர வேண்டியதில்லை.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. குளம் ஆழமில்லாதது, வெயிலில் சீக்கிரம் ஆவியாகும், அணையில் இருந்தால் அவ்வளவு போகாது என்பார்கள். அது உண்மைதான். அதனால்தான் வறட்சி தெரிகிற ஆண்டில் எல்லாக் குளத்தையும் நிரப்பக் கேட்கவில்லை. ஆழமும் கரைப்பலமும் உள்ள குளங்களை முன்கூட்டியே தேர்ந்து, பயிருக்கு அவசியமான நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவற்றை நிரப்பச் சொல்கிறேன். மண்ணுக்குள் இறங்குகிற பங்கு நஷ்டக் கணக்கில் சேராது. ஊரின் கிணறுகளிலும் கைப்பம்புகளிலும் அது திரும்பக் கிடைக்கும். பழையாற்றில் நீரோட்டம் குறைந்தால் மணக்குடிக் காயல் பக்கமிருந்து உப்பு மேலேறும். எங்கள் பகுதிக் கிணறுகளில் கோடையில் அந்த உப்பு நாக்கில் தெரிகிறது. குளத்தில் தண்ணீர் நின்றால்தான் அது அடங்கும். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-ல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. நமக்கெல்லாம் பெருமைதான். தண்ணீர் இல்லாமல் வெடித்துக் கிடக்கிற குளத்துக்கு எந்தப் பறவை வரும்?

குளத்துக்குள்ளும் வழக்குகள் இருக்கின்றன. தாமரைக் குத்தகை எடுத்திருப்பவர் ஒரு மட்டத்தில் தண்ணீர் வேண்டும் என்பார். மீன் குத்தகைக்காரர் மீன் பிடிக்கும் நாளில் மடையைத் திறந்து வடிப்பார். தோவாளைச் சந்தைக்குத் தாமரை போவதும் பலருக்குப் பிழைப்புதான், நான் யார் பிழைப்பையும் கெடுக்கச் சொல்லவில்லை. வறட்சி என்று அறிவித்த ஆண்டில் மடைச்சாவி பாசனத்தார் சபையிடம் இருக்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது என்று குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டால் போதும்.

தூர்வாருவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2017-ல், குளம் கால்வாய்களை ஊர்மக்களே பராமரிக்கும் குடிமராமத்துத் திட்டம் மறுபடி தொடங்கியது, விவசாயிகள் வண்டல் எடுத்துக்கொள்ளவும் அனுமதித்தார்கள். நல்ல காரியம். ஆனால் நம் மாவட்டத்தில் பிப்ரவரி கடைசியில் அணை மூடினால் மார்ச் ஒரு மாதம்தான் குளமும் சானலும் உருப்படியாகக் காயும் காலம். ஏப்ரலில் கோடை மழை விழ ஆரம்பித்துவிடும். மற்ற மாவட்டங்களுக்கான காலண்டரை வைத்து மே மாதத்தில் டெண்டர் விட்டால், ஜேசிபி இறங்கும்போது குளத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். சானலில் ஆகாயத்தாமரையை மேலாக வாரிக் கரையில் போடுவார்கள், அடுத்த மழையில் அதுவே உள்ளே சரியும். குமரி மாவட்டத்துக்கு மட்டும் இந்த வேலைகளுக்கான அனுமதி ஜனவரியிலேயே முடிந்திருக்க வேண்டும்.

குடிநீருக்கு முதலிடம் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. நாகர்கோவிலுக்குத் தண்ணீர் தருகிற முக்கடல் அணை 25 அடிதான். கோடையில் அதன் மட்டம் மைனஸ் கணக்கில் உங்கள் பேப்பரிலேயே வருகிறது. அப்போது நகரமும் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் கோதையாறு, பறளியாற்றுத் தண்ணீரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. நகரத்துக்குப் புத்தன் அணையிலிருந்து குடிநீர்த் திட்டம் வந்திருக்கும் நிலையில் அந்த ஒரே தண்ணீருக்கு இன்னொரு பங்காளி சேர்ந்திருக்கிறார். எனவே குடிக்க இவ்வளவு, அதற்குக் கீழே அணை இறங்கக் கூடாது என்று ஒரு மட்டத்தைக் குறித்து, ஊருக்கெல்லாம் சொல்லிவிட வேண்டும். மிச்சம் எவ்வளவோ அதைத்தான் பாசனத்துக்குப் பங்கு போட வேண்டும். நிலப்பாறையிலிருந்து பிரிகிற ராதாபுரம் கால்வாய் மக்களும் அந்தப் பங்கில் உண்டு. அவர்கள் மழைமறைவுப் பக்கத்தில் கிடப்பவர்கள், எங்களைவிடப் பாவம். அவர்களுக்கு இவ்வளவு, எங்களுக்கு இவ்வளவு என்று கணக்கு வெளியே இருந்தால் இரண்டு ஊர்க்காரர்களும் ஷட்டர் பக்கத்தில் நின்று முறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. விளவங்கோடு பக்கத்துச் சகோதரர்களுக்கு 2004-லிருந்து கேரளம் நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் தண்ணீர் விடுவதில்லை. 9,200 ஏக்கர் ஆயக்கட்டு (பாசன நிலம்) அப்படியே நிற்கிறது. அதற்காக நடக்கும் வழக்கு முடியும்போது முடியட்டும். நம் கையில் உள்ள தண்ணீரை ஒழுங்காகப் பங்கிட நமக்கு எந்தத் தீர்ப்பும் தேவையில்லை.

கோதையாறு மின்நிலையங்களில் மின்சாரம் எடுத்த பிறகு வருகிற தண்ணீரும் பேச்சிப்பாறைக்குத்தான் வந்து சேர்கிறது. மேலே உள்ள அணைகளில் எவ்வளவு இருக்கிறது, எப்போது இறக்குவார்கள் என்பதும் அட்டவணை போடுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மின்வாரியமும் நீர்வளத்துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

கோதையாறு, பட்டணங்கால் பாசனம் 79,000 ஏக்கர் என்று ஒவ்வோர் அரசாணையிலும் வருகிறது. அதில் இன்று நெல் நிற்பது ஒரு சிறு பகுதிதான். மற்றது தென்னை, வாழை, ரப்பர், வீடு. எந்தச் சானலில் உண்மையாகவே எத்தனை ஏக்கர் நெல் நிற்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர்களின் அடங்கல் என்ற பயிர்க்கணக்கிலிருந்து எடுத்து, அதை வைத்து அட்டவணை போட்டால், இருக்கிற தண்ணீர் நாம் பயப்படுவதைவிட அதிக நாள் வரும் என்பது என் நம்பிக்கை.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் எனக்கு ஒரு தனி வேண்டுகோள். தினமும் போடுகிற அணைப் பெட்டியில் அடிக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று எண்களைச் சேர்க்க முடியுமா? அணையில் உள்ள மொத்தத் தண்ணீர் எத்தனை கோடி கன அடி, அன்றைய வரத்து எவ்வளவு, எந்தச் சானலில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள். இந்தக் கணக்கெல்லாம் துறையிடம் தினமும் இருக்கிறது. நீங்கள் கேட்டால் தருவார்கள், நாங்கள் கேட்டால் மனு எழுதச் சொல்கிறார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இந்த முறைப்பாசன அட்டவணையை ஏப்ரல் மாதமே விவாதத்துக்கு எடுக்க வேண்டும் என்று மனு கொடுக்க இருக்கிறேன். தோவாளை, அனந்தனாறு, பத்மநாபபுரம் புத்தனாறு, பட்டணங்கால் கடைவரம்பு விவசாயிகள் இந்தக் கடிதத்தைப் படித்தால் அன்றைக்கு அவரவர் சானல் கணக்கோடு வந்து சேர்ந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நெல் விவசாயி ஒருத்தி,
அகஸ்தீஸ்வரம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.